கூரை உள்ளவர்கள் கணக்கில் இல்லை

பிப்ரவரி 3

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டவருக்குக் கடிதமாவது போடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் "அவர் குளிக்கிறாருக்கா" என்கிறாள். ஒரு மனிதர் இப்படி விடாமல் குளித்தால் ஊரில் மற்றவர்களுக்குத் தண்ணீர் எப்படி வரும்? மாநகராட்சியில் பெரிய வேலையில் இருக்கிறவர், நீங்களே சொல்லுங்கள்.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று உங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். வாசலில் காவலுக்கு இருந்தவர் உள்ளே விடவில்லை. "மானியம் கேட்டு மனு போட்டவங்க யாரையும் சார் பார்க்கக் கூடாதும்மா" என்றார். "நான் அவரோட சொந்த அண்ணிப்பா" என்றேன். "அப்படின்னா கண்டிப்பா கூடாதும்மா" என்றார். சிரிப்புத்தான் வந்தது. வெயிலில் திரும்பி நடந்தபோது சிரிப்பு போய்விட்டது.

நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்கள் ஆட்கள் விடியற்காலையில் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வந்தார்கள். வரப்போகிறார்கள் என்று முன்தினமே காதில் விழுந்தது. விடுவேனா? விருந்தாளி வருகிற வீடு மாதிரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். நான் நடத்துகிற காப்பகத்தில் இருக்கிறவர்கள் போதாதென்று, நடைபாதையில் படுப்பவர்கள், பாலத்தடியில் இருக்கிறவர்கள், ஒருவரையும் விடாமல் உள்ளே கூட்டி வந்துவிட்டேன். உங்கள் அண்ணன் பட்டறையாக வைத்திருந்த கொட்டகை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அதில் அன்று கால் வைக்க இடமில்லை. ஆனாலும் எல்லார் தலைக்கு மேலும் கூரை இருந்தது. கணக்கெடுக்க வந்த பெண் டார்ச் லைட்டோடு தெருவை முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "உங்க தெருவுல ஒருத்தர்கூட வெளிய இல்லம்மா, ஆச்சரியமா இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொன்று. டீச்சரைப் பற்றிப் போன வருடம் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? எங்கேயோ பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், இப்போது எங்களிடம் இருக்கிறார். வந்த நாளிலிருந்து காலில் செருப்போடுதான் தூங்குவார். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, "நடுவுல எழுப்பி வெளிய போன்னு சொன்னா இருட்டுல எங்க போய்ச் செருப்பைத் தேடறது?" என்றார். போன மாதம் ஒரு நாள் பார்க்கிறேன், செருப்பு கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருக்கிறது, அவர் வெறுங்காலோடு தூங்குகிறார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

இந்த வருட மானியம் எப்போது வரும் என்று மட்டும் எழுதுங்கள். சமையல் செய்கிற அம்மாவும் நர்ஸும் சம்பளமில்லாமல் இழுத்துப் பிடித்து நிற்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் நான் கதவை மூட வேண்டியதுதான்.

அண்ணி.

---

பிப்ரவரி 11

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் வந்ததைக் காவலாளி சொன்னார். திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். மானியம் முடிவாகும்வரை மனு போட்டவர்களை அதிகாரிகள் பார்க்கவோ அவர்களோடு பேசவோ கூடாது என்பது விதி. சொந்தக்காரர் என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே என் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணிக்கு அள்ளிக் கொடுத்துட்டான்" என்று யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. இப்போது பட்டியல் வெளியாகிவிட்டதால் எழுதுகிறேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வார்டுக்கு இந்த வருடம் ஒன்றும் இல்லை.

இருக்கிற பணம் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. யாருக்கு எவ்வளவு என்பதில் சிபாரிசு நுழையாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் இந்தக் கணக்கெடுப்பைக் கொண்டுவந்தோம். குறிப்பிட்ட ஒரு விடியற்காலையில் எந்த வார்டில் எத்தனை பேர் தெருவில் படுத்திருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் அந்த வார்டுக்குப் பணம். உள்ளே இருக்கிறவர்கள் கூரை உள்ளவர்கள். அவர்கள் கணக்கில் இல்லை. உங்கள் தெருவில் யாரும் இல்லை என்று எழுதி வந்திருக்கிறது. தேவையே இல்லாத வார்டு என்று கமிட்டி எடுத்துக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி.

---

பிப்ரவரி 14

மதிப்புக்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

இனிமேல் இப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. தம்பி என்று எழுதினால் உங்கள் வேலைக்கு ஆபத்து வந்துவிடும்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் எல்லாரையும் உள்ளே கூட்டி வந்ததால் எனக்குப் பணம் இல்லை. அவர்களைத் தெருவில் கிடக்க விட்டிருந்தால் பணம் கிடைத்திருக்கும். சரிதானே? நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? படித்த மனிதர்கள் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போட்ட விதியா இது? உங்களில் ஒருவருக்குக்கூடவா மண்டையில் உறைக்கவில்லை?

மார்க்கெட் பக்கத்தில் விடுதி நடத்துகிறாரே ஒருவர், அவர் என்ன செய்தார் தெரியுமா? முன்தினம் சாயங்காலமே தன் விடுதியில் இருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பாயைக் கொடுத்து நடைபாதையில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்கிறேன். கணக்கெடுப்புக்கு முன்தினம் உங்கள் வீட்டுக்காரியிடம் போனில் வாய்விட்டுச் சொன்னேனே, "எல்லாரையும் உள்ள கூட்டி வச்சுட்டேன், அவர்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவார்" என்று. அவள் சொன்னாளா இல்லையா?

சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் படிப்புக்காக உங்கள் அண்ணன் பட்டறையிலேயே படுத்து எழுந்தார். சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம். சொல்லித்தான் காட்டுகிறேன். என்னிடம் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது? உங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டீர்கள்.

நர்ஸ் நேற்றோடு நின்றுவிட்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் இருக்கிறார், காலில் ஆறாத புண். இப்போது நான்தான் கட்டுப் போடுகிறேன். "நர்ஸம்மாவை விட நீங்க நல்லாத்தான் கட்டுறீங்க, என்ன, வலி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறார். அவருக்கு இருக்கிற இரக்கம்கூட உங்கள் கமிட்டிக்கு இல்லை.

அண்ணி.

---

பிப்ரவரி 27

அண்ணிக்கு,

திட்டுங்கள். நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. அவள் சொன்னாள். நான் கேட்டேன். போனைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்துவிட்டேன். அண்ணியைக் கூப்பிட்டு "வேண்டாம், அவங்களை வெளியவே விடுங்க" என்று சொன்னால் அப்புறம் மார்க்கெட் விடுதிக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது சரியாகத்தான் தெரிந்தது.

ஆனால் ஒரு பக்கத்தை நீங்கள் பார்ப்பதே இல்லை. உங்களுக்கு உங்கள் கொட்டகை ஒன்றுதான். என் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்களைப் போலவே கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான். கைக்குழந்தையோடு தெருவுக்கு வந்துவிட்ட பெண்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு தொட்டிலில் இரண்டு குழந்தைகள். உங்களுக்குக் கொடுப்பதென்றால் அவர்களுடைய பாலில்தான் கை வைக்க வேண்டும். இன்னொரு பையிலிருந்து எடுக்கலாம் என்றால் அப்படி ஒரு பை இல்லை. யாருக்குக் கொடுத்தாலும் நான் யாரிடமிருந்தோ பிடுங்குகிறேன். அதனால்தான் என் கையால் செய்யாமல் ஒரு விதி செய்யட்டும் என்று விட்டேன். கோழைத்தனம் என்று சொல்வீர்கள். இருக்கட்டும்.

மூன்று வார்டுகள் புகார் கொடுத்ததால் மறுபடி கணக்கெடுக்கப் போகிறார்கள். தேதி வெளியே தெரியக் கூடாது. நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி விடியற்காலை. அன்று உங்கள் ஆட்களை வெளியே படுக்க வையுங்கள். ஒரே ஒரு ராத்திரிதான், அண்ணி. விடிந்ததும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம்.

படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

தம்பி.

---

மார்ச் 12

தம்பி,

நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

முடியாது என்று இரண்டு நாள் வீம்பாகத்தான் இருந்தேன். சமையல் செய்கிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற இடத்துல கூப்பிடறாங்க, நான் என்ன செய்யட்டும்?" என்று நின்றாள். அதற்குப் பிறகு வீம்பு எங்கே நிற்கும்?

ஒன்பதாம் தேதி சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கணக்கெடுக்க வருகிறார்கள், வெளியே இருந்தால்தான் நமக்குப் பணம், ஒரே ஒரு ராத்திரிதான் என்று எல்லாவற்றையும் உடைத்தே சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை, தம்பி. எழுந்து மூட்டையைக் கட்டினார்கள். என்ன வேகம்! போர்வையை மடிப்பது, தட்டைப் பையில் போடுவது, எல்லாம் கை தானாகச் செய்கிறது. "மூட்டை எதுக்கு? காலையில வந்துடப் போறீங்க" என்றேன். லாரிக்காரர் மட்டும், "சரிங்கம்மா" என்றார். மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

டீச்சர் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாரைக்கூட இழுத்து மாட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே குளிர். கணக்கெடுக்க முன்பு வந்த அதே பெண்தான் வந்தாள். டார்ச்சை ஒவ்வொரு முகமாக அடித்துப் பார்த்தவள், "இவங்கல்லாம் போன தடவை உள்ள இருந்தவங்கதானே?" என்றாள். நான் போர்வை விலகியிருந்த ஒருவருக்கு இழுத்துப் போர்த்தினேன். அவளும் அதற்குமேல் கேட்காமல் எழுதிக்கொண்டு போனாள். பாவம், அவளுக்கும் வேலை வேண்டுமே.

விடிந்ததும் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டு கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தேன். நடைபாதையில் ஒருவரும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று சமைத்து வைத்தோம். வரவில்லை. நேற்றும் வரவில்லை. எங்கேயாவது பக்கத்தில்தான் இருப்பார்கள். தேடப் போகிறேன்.

நீங்கள் கிழிக்கச் சொன்னதைக் கிழிக்கவில்லை. பயப்படாதீர்கள், யாரிடமும் காட்ட மாட்டேன். எனக்கே அவ்வப்போது எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை என்னுடையது இல்லை என்று.

அண்ணி.

---

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் வாயை இனிப்பாக்கிக்கொண்டு மேலே படியுங்கள். பணம் வந்துவிட்டது! மறு கணக்கெடுப்பில் உங்கள் வார்டுதான் முதலிடம். கமிட்டியில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. இந்த வருடம் முழுக்க நீங்கள் கவலையில்லாமல் நடத்தலாம்.

அவர்கள் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வந்துவிடுவார்கள், அண்ணி. வேறு எங்கே போவார்கள்? இந்தக் கடிதம் வருவதற்குள் டீச்சர் உங்கள் சமையல் கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பார். வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

ஒரு சின்ன விஷயம். அடுத்த மாதம் கமிட்டித் தலைவர் நேரில் பார்க்க வருகிறார். கட்டில்கள் நிரம்பியிருந்தால் நன்றாக இருக்கும். முடிந்தால் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

தொகை மொத்தத்தில் கூடவில்லை. உங்களுக்கு வந்தது தாய்மார்கள் விடுதிக்குப் போக வேண்டியதில் குறைத்ததுதான். அங்கே பாலை ஒரு வேளையாக்கியிருக்கிறார்களாம். வேறு யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதை விட நானே சொல்லிவிடுகிறேன்.

எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்? இனிமேல் பேசலாம், தடை முடிந்துவிட்டது.

தம்பி.

---

ஏப்ரல் 6

தம்பி,

போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். புது மெத்தை, புது விரிப்பு, சுவருக்குப் புது வர்ணம். முதல் தவணையை இதற்குத்தான் செலவு செய்யலாம் என்று உங்கள் உத்தரவில் இருக்கிறது, செய்துவிட்டேன். ஆட்கள் எங்கே என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு அலைகிறேன்.

பாலத்தடி, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல் என்று சுற்றாத இடமில்லை. லாரிக்காரரைப் பழைய குடோன் பக்கத்தில் கண்டுபிடித்தேன். கட்டு அவிழ்ந்து, புண் பார்க்கச் சகிக்கவில்லை. வாங்க, வண்டி கொண்டு வந்திருக்கிறேன் என்று கெஞ்சினேன். "கோவமெல்லாம் இல்லம்மா. நீங்க நல்லா வச்சிருந்தீங்க. ஆனா எனக்கு ஒரு பழக்கம். போகச் சொன்ன இடத்துக்குத் திரும்பி வர்றதில்ல" என்றார். நான் போகச் சொல்லலைங்க, ஒரு ராத்திரிதானே என்றேன். சிரித்தார். "எல்லா இடத்துலயும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. என் தம்பி வீட்டுலயும் ஒரு ராத்திரின்னுதான் சொன்னாங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து கட்டுப் போட்டுவிட்டு வந்தேன். வலிக்கிறது என்று இந்தத் தடவை கேலிகூடச் செய்யவில்லை.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர், உங்களுக்குத் தெரியாது. டீச்சரின் செருப்புக் காலைத் தினமும் பார்த்தவள் நான். மழை, வெயில், போலீஸ், எதையும் தாங்கிக்கொள்கிறவர்களுக்குத் தாங்க முடியாத வார்த்தை ஒன்று இருக்கிறது, அதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டினால் மனசு கொஞ்சம் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

இந்தப் பணம் எனக்கு வேண்டாம். மீதி இருப்பதை அப்படியே அந்தத் தாய்மார்கள் விடுதிக்குக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் பாலாவது குடிக்கட்டும். இதற்கும் விதி இருக்கிறது என்று எழுதினீர்கள் என்றால், அந்த விதியையே கொண்டு வந்து இந்தப் புது மெத்தையில் படுக்க வையுங்கள். வெகு மெத்தென்று இருக்கிறது.

அண்ணி.

---

ஏப்ரல் 19

அண்ணி,

விதி இருக்கிறது. ஒரு வார்டுக்கு ஒதுக்கியதை அந்த வருடத்துக்குள் இன்னொரு வார்டுக்கு மாற்ற முடியாது. செலவாகாத பணம் பொதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். தலைவரிடம் பேசிப் பார்த்தேன். "பூராவும் செலவாகலைன்னா அந்த வார்டுக்குத் தேவையில்லைன்னு அர்த்தம், அடுத்த வருஷம் வெட்டிடலாம்" என்றார். உங்கள் போட்டோவைக் காட்டினேன். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!" என்றார்.

டீச்சர் கிடைத்துவிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் எங்கெங்கோ தேடினீர்கள். அவர் எங்கள் அலுவலகத்து முன்வாசல் படிக்கட்டில்தான் இருக்கிறார். இரண்டு வாரமாக இருக்கிறாராம். நான் தினமும் அந்தப் படியில்தான் ஏறிப் போயிருக்கிறேன். நேற்று ஒரு வயதான அம்மா செருப்புக் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து தூங்குவதைப் பார்த்தபோதுதான் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டீச்சர்" என்று கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். எழுந்து நகரச் சொல்கிறேன் என்று நினைத்துப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இல்லை டீச்சர், நான் அந்தக் காப்பகத்து அம்மாவோட கொழுந்தன், அவங்க உங்களைத் தேடித் தவிக்கிறாங்க, கட்டில் அப்படியே இருக்கு, வாங்க போகலாம் என்றேன். நன்றாகக் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு?"

எனக்கு உண்மையான பதில் தெரியும், அண்ணி. அடுத்த வருடம் உங்கள் வார்டை வெட்டப் போகிறார்கள் என்று தெரியும். அந்தக் குறிப்பை எழுத வேண்டியவனே நான்தான். இருந்தும் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எப்பவும்" என்றேன்.

"நான் வந்த அன்னைக்கு அந்தம்மாவும் இதைத்தான் சொன்னாங்க" என்றார். என் மேல் கோபம்கூட இல்லை. தப்பான விடை எழுதிவிட்டு நிற்கிற பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் இங்கே இருப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து கூப்பிட்டுப் பாருங்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டேன், உங்களைத் தடுக்க மாட்டார். டீச்சரையும் விரட்ட மாட்டார்.

நான் இன்று காலையிலிருந்து பின்வாசல் வழியாகத்தான் அலுவலகத்துக்குள் போகிறேன்.

தம்பி.